பின்சீட்டு மணி

எல்லாரும் இறங்கிப் போன பிறகு மணி அடித்தது.

பெரிய சத்தமில்லை. இறங்க வேண்டியவர்கள் கம்பத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஓட்டுநருக்குக் கேட்கிற அதே 'டிங்'தான். நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, பேருந்து ஓட்டுகிறவர்கள் காதில் அது சொந்தப் பெயரைப் போலப் பதிந்து கிடக்கும். மணி அடித்தால் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கும் எரியும். கதவைத் திறந்தால்தான் அணையும். டிப்போவுக்குத் திரும்பும் சாலையில், மழை ஓய்ந்து வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், ஆளே இல்லாத பேருந்தில் அது எரிந்தது.

ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். இருக்கைகள், கம்பிகள், அசைந்தாடும் கைப்பிடிகள், ஈரக்காலடி படிந்த நடைபாதை. வேறொன்றுமில்லை. மழையில் கம்பி எங்கேயோ நனைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தேவையில்லாமல் ஒருமுறை ஹாரன் அடித்தார். விளக்கு மட்டும் டிப்போ வரைக்கும் அணையவில்லை.

டிப்போவில் அவருக்குக் 'கண்ணாடி' என்றுதான் பெயர். மூக்குக்கண்ணாடி போட்டதால் வந்த பெயரில்லை. திரும்பியே பார்க்காமல், தலைக்கு மேலிருக்கும் அந்த ஒரு கண்ணாடியிலேயே பேருந்து முழுவதையும் படித்துவிடுவார் என்பதால் வந்தது. டிக்கெட் எடுக்காமல் நழுவுகிறவன், அடுத்தவர் பையைத் தடவுகிறவன், வாந்தி எடுக்கப் போகிற குழந்தை, எல்லாமே அவருக்கு முன்கூட்டியே தெரியும். "எனக்கு முதுகிலயும் கண்ணுப்பா" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது யாராவது வாய்நிறைய "கண்ணாடியண்ணே" என்று கூப்பிட்டால், செருப்பால் அடித்த மாதிரி இருக்கிறது.

டிப்போவின் நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும். வாசல் இயந்திரத்தில் வருகை அட்டையைத் தேய்த்து உள்ளே நுழைந்ததும் ஓட்டுநரின் சம்பள நேரம் முடிந்துபோகும். ஆனால் வேலை முடியாது. வண்டியை வரிசையில் நிறுத்த வேண்டும், ஜன்னல்களைச் சாத்த வேண்டும், கீழே இறங்கிக் குனிந்து பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், கடைசி இருக்கை வரைக்கும் நடந்து யாராவது தூங்குகிறார்களா, எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்புறம் படியில் நின்று "காலி!" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். வாசல் அறையில் இருக்கும் கேட்காரர் அதைக் கேட்டுக் கையைத் தூக்குவார். அதோடு அந்த வண்டியின் கதை முடிந்தது. இத்தனைக்கும் சம்பளம் கிடையாது. கேட்டதற்கு, "இதெல்லாம் வேலையா? ஒரு பொறுப்புதானே" என்றார் மேலாளர்.

அதற்குக் கண்ணாடி சொன்ன பதில் டிப்போ முழுக்கப் பிரபலம். "பொறுப்புக்குக் காசில்லன்னா, அட்டைய தேய்ச்சதுக்கப்புறம் என் காலு என்னோட காலுதான் சார். வீட்டுப் பக்கம்தான் நடக்கும்." அன்றைக்கு ஓய்வறையில் தட்டிய மேஜைச் சத்தம் வெளியே கேட்டது. அதிலிருந்து பெரும்பாலான ஓட்டுநர்கள் பின்னால் நடந்து போவதை விட்டுவிட்டார்கள். இருந்த இடத்திலிருந்தே கண்ணாடியில் ஒரு பார்வை, படியில் நின்று ஒரு "காலி", அவ்வளவுதான். அவர் கேட்டது நியாயம். நாலு பேருக்கு முன்னால் தைரியமாகக் கேட்டதும் நியாயம். அந்த நியாயத்தை எடுத்து எதன்மேல் போர்த்தி மூடினார் என்பதுதான் அவரை இப்போது தூங்கவிடாமல் செய்கிறது.

ஏனென்றால் அந்தக் கண்ணாடியில் தெரியாத இடம் ஒன்று உண்டு. பின்கதவை ஒட்டி ஒரு தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரமாகக் கடைசி இருக்கை. எஞ்சினுக்கு மேலே இருப்பதால் எப்போதும் கதகதப்பாக இருக்கும். துணி வெளுக்கும் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி தினமும் சாயங்காலம் ஏறி அங்கேதான் உட்காருவாள், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். அவள் ஏறினால் சோப்பும் நீராவியும் இஸ்திரி போட்ட சூட்டுத் துணியும் கலந்த ஒரு மணம் கூடவே ஏறும். "டிரைவரண்ணே, தூங்கிட்டேன்னா கொஞ்சம் எழுப்பி விட்ருங்க" என்பாள். அவரும் அவளுடைய நிறுத்தம் வந்தால் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி எழுந்து, பொத்தானை ஒருமுறை மரியாதைக்கு அமுக்கிவிட்டு இறங்குவாள்.

அந்தச் சனிக்கிழமை அவர் பிரேக்கை மிதித்தார். யாரும் இறங்கவில்லை. அன்றைக்குக் கூட்டம், முன்னாலேயே எங்கேயாவது இறங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் விடுமுறை, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. திங்கட்கிழமை காலையில் கிளப்பப் பார்த்தால் கிளம்பவில்லை. "பேட்டரி சுத்தமா செத்துக் கிடக்கு. எந்த மகராசனோ மெயின் சுவிட்ச்ச அணைக்காம போயிருக்கான். ராத்திரி பகலா ஏதோ ஒண்ணு கரண்ட்ட குடிச்சிக்கிட்டே இருந்திருக்கு" என்று மெக்கானிக் திட்டிக்கொண்டே பின்னால் நடந்து போனார். பிறகு அவருடைய சத்தம் நின்றுபோனது.

அவள் ஜன்னலோரமாகச் சாய்ந்திருந்தாள். தூக்கத்திலேயே உடம்பின் ஒரு பக்கம் விளங்காமல் போயிருக்கிறது, உயிர் உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். வாய் வராது, எழ முடியாது. ஒரு கை மட்டும் வேலை செய்திருக்கிறது. அந்தக் கையின் கட்டைவிரல் கம்பத்துப் பொத்தான்மேல் அப்படியே இருந்தது. பேட்டரியை எது குடித்தது என்று மெக்கானிக்குக்குப் புரிந்ததோ என்னவோ, கண்ணாடிக்குப் புரிந்தது. பூட்டிய பேருந்துக்குள், மழைக்கு நடுவில், கரண்ட் தீரும்வரைக்கும் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மேலாளர் அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். மேலாளர் கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. நீங்க பின்னாடி வரைக்கும் நடந்து பாத்திருப்பீங்கதானே?" அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருந்தது. நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று வரும், ஏன் என்றால் சம்பளமில்லாத நேரத்தில் வேலை வாங்கிய கதை வரும். அது மேலாளருக்கும் ஆகாது. "பாத்தேன் சார்" என்றார் கண்ணாடி. "நல்லா பாத்தேன்." அப்படியென்றால் அந்தப் பெண்மணி பிற்பாடுதான் உள்ளே வந்து படுத்திருக்க வேண்டும், பின்கதவை யாரோ சாத்தாமல் விட்டிருக்க வேண்டும் என்று முடிவானது. அந்த யாரோ யார்? காலையில் வண்டிகளைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா; ராத்திரி வெளியிலிருந்து பின்கதவுகளைச் சாத்திவிட்டுப் போவதும் அவள்தான். நிறுத்தி வைத்தார்கள், விசாரணை முடியும்வரைக்கும் வரவேண்டாம் என்று.

அவர் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் வாயைத் திறக்கும் அளவுக்கு இல்லை.

விளக்கு அணையாத அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், மனைவி அவருடைய சட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்னங்க இது, சலவை வாசனை அடிக்குது? நான் இன்னும் துவைக்கவே இல்லையே."

"மழையில நனைஞ்சது."

"மழைக்கு ஏது சோப்பு வாசனை? உங்க மழை மட்டும் நுரையோட பெய்யுதா?" என்று சிரித்தாள். பிறகு, சிரிப்பை விட்டு, "பக்கத்து வீட்டுல கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு நடந்து பாத்துட்டுத்தான் இறங்கினாரு, அவரு மேல தப்பே இல்லன்னு சொல்லிட்டேன். நீங்க மனச போட்டு அலட்டிக்காதீங்க" என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் தன்னை நம்புகிறாள் என்பதைவிடப் பெரிய தண்டனை அன்றைக்கு வேறெதுவும் இல்லை.

மறுநாளும் மணி அடித்தது. அதற்கடுத்த நாளும். எல்லாரும் இறங்கி, டிப்போ சாலைக்குத் திரும்பியதும், ஒருமுறை. அழுத்தமில்லாமல், அவசரமில்லாமல், தூக்கத்திலிருந்து எழுந்தவர் கை நீட்டிய மாதிரி. எலெக்ட்ரீஷியன் கம்பிகளைப் பிரித்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு வேணும்னா மணிய கழட்டி விட்ரவா?" என்றார். கழற்றிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் டிப்போ சாலையில் திரும்பியபோது மணி அடிக்கவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது.

இத்தனைக்கும் அவர் இன்னும் பின்னால் நடந்து போகவில்லை. முன்பு போகாததற்குச் சம்பளம் காரணம். இப்போது சம்பளம் கொடுத்தாலும் கால் எழும்பாது. முன்படியிலேயே நின்று, வெளியே பார்த்துக்கொண்டு, "காலி!" என்று கத்திவிட்டு, முதுகுக்குப் பின்னால் எதுவும் நகருவதற்குள் இறங்கிவிடுவார். தைரியமாகப் பேசினவர் என்று பெயர் வாங்கிய ஆள், தன்னுடைய வண்டியின் மறுகோடிக்குப் போக முடியாமல் நின்றார்.

பிறகு ஒரு நாள் கூட்டுகிற அக்கா அவருடைய வண்டியில் ஏறினாள்.

டிப்போவுக்கு ரெண்டு நிறுத்தம் முன்னால், கடைசிச் சுற்றில். குடையை மடக்கி, டிக்கெட் எடுத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். நிறுத்தி வைத்ததிலிருந்து அவர் அவளைப் பார்க்கவில்லை, ஒடுங்கிப்போயிருந்தாள். எப்போதும் ஓய்வறையில் எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டே துடைப்பத்தை வீசுகிற வாய், "ராசாக்களா, காலத் தூக்குங்க, தரைக்கும் கொஞ்சம் மூச்சு வேணும்" என்கிற வாய், இப்போது சொல்லைத் தேடிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேம்மா."

"நான்தாண்ணே சாத்தாம போயிருக்கேன்." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். சாத்தின மாதிரிதான் கையில ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க நடந்து பாத்தேன்னு சொல்றீங்க. உங்க கண்ணு தப்பாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப நான்தானே? ஒரு பொம்பள உயிரு என் கையாலயே போச்சே. கண்ண மூடினா அவ முகந்தான்."

முன்கண்ணாடியில் வைப்பர் இப்படியும் அப்படியும் போய்வந்தது. சொல்லிவிடலாம். இந்த இடத்திலேயே, வண்டியை ஓரங்கட்டி. நீ சாத்தினாய் தாயே, நான்தான் நடக்கவில்லை. இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

"நாளைக்குக் காலையில கடைசி விசாரணை. எனக்காகப் பொய் சொல்ல வேணாம். நான் வழக்கமா பொறுப்பா இருக்கறவதான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க."

"பாக்கலாம்மா" என்றார்.

அந்த 'பாக்கலாம்'தான் வந்தது. அவருக்கே காது கூசியது. அவள் அதற்கே கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசி நிறுத்தத்தில் மற்றவர்களோடு இறங்கி, குடையை விரித்து, திரும்பி ஒருமுறை பேருந்தின் உள்ளே பார்த்தாள்.

"பின்னாடி அந்தம்மா தூங்கறாங்க போல. எழுப்பி விட்ருங்கண்ணே."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். டிப்போ சாலையின் இருமருங்கிலும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது, சாம்பல் கரைத்த தண்ணீரைப் போல. அந்த வெளிச்சம் பேருந்துக்குள் வந்து எதையும் காட்டாமல், இருக்கைகளின் ஓரங்களை மட்டும் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஹீட்டரிலிருந்து வந்த காற்றில் சோப்பு மணத்தது. ஈரத் துணியின் மணம், அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டி போய் உட்கார்ந்தால் குப்பென்று எழுமே, அந்த மணம். மூச்சை அடக்கிப் பார்த்தார். அடக்கினாலும் நாக்கில் தெரிந்தது.

விளக்கு எரிந்தது.

மணியைக் கழற்றி ஒரு வாரம் ஆகிறது. மணி அடித்தது.

வாசலில் அட்டையைத் தேய்த்தார். சம்பள நேரம் முடிந்ததற்கு அடையாளமாக இயந்திரம் ஒரு கீச்சுச் சத்தம் போட்டது. கேட்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வாங்கண்ணே. வழக்கம்போலக் கடைசி ஆளு நீங்கதான்" என்றார். வண்டியை வரிசையின் கோடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்ததும், சூடான இரும்பு சுருங்கும் சத்தம் டக், டக் என்று கேட்டது. கூரையில் தண்ணீர் சொட்டியது. இரண்டுக்கும் நடுவில், தள்ளி, யாரோ வாய் வழியாக மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம்.

அவர் இறங்கினார். குனிந்து, பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைத்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு முதல்முறையாக. உள்விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. இனி இந்த வண்டிக்குள் ஒரு பொட்டு மின்சாரம் கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

உள்ளே மணி அடித்தது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கால் வாசல் பக்கம் திரும்பிக்கூட விட்டது, என் காலு என்னோட காலு. அந்த வார்த்தை ஞாபகம் வந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போய் நின்றார். கும்பிட்ட கை ஞாபகம் வந்தது. சாத்தின மாதிரிதான் கையில ஞாபகம் இருக்கு. அந்தக் கைக்குத் தெரிந்த உண்மையை அவளிடமிருந்தே பிடுங்கிவிட்டாரே. சரி, இன்றைக்கு நடந்துவிடுவது. கடைசிவரைக்கும் நடப்பது. நடந்துவிட்டு வந்து, நேராகக் கேட்காரரிடம் போய், அன்றைக்கு நான் நடக்கவில்லை என்று சொல்லிவிடுவது. ஒரு ஆளிடம் சொல்லிவிட்டால் நாளைக்கு மேலாளரிடம் சொல்ல வாய் பழகிவிடும்.

ஏறினார்.

நடைபாதை ஈரமாக இருந்தது. ஒரு கையால் இருக்கை முதுகுகளைப் பிடித்துப் பிடித்து நடந்தார். கைப்பிடிகள் ஆடிக்கொண்டிருந்தன, வண்டி நின்ற பிறகும். ஜன்னல்களில் வெளிக்காற்றின் ஈரம் வெளிப்பக்கம் படிந்திருந்தது. பின்னால் போகப் போக உள்பக்கம் படிந்திருந்தது. மூச்சுவிட்டு மூச்சுவிட்டுப் படிந்த ஈரம். பின்கதவு வந்தது. தடுப்பு வந்தது. மணம் மூக்கை அடைத்தது.

இந்த இடத்தில், அவர் யாரிடமும் சொல்லாதது, தன்னிடம்கூட முழுசாகச் சொல்லிக்கொள்ளாதது, தானாக மேலே வந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்பது உண்மையில்லை. தடுப்புக்குக் கீழே, நடைபாதையில், நீல நிறத்தில் ஒரு பையின் வார் நீண்டு கிடந்தது. பார்த்தார். யாரோ பையை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தார். எடுத்தால் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், சாவி வைத்திருப்பவர் வரும்வரை நிற்க வேண்டும், எல்லாம் ஓசியில். காலையில் கூட்டுகிறவள் எடுத்து வைப்பாள். அப்படி நினைத்து, பார்வையை விலக்கிக்கொண்டு, "காலி" என்றார். முதுகிலும் கண்ணுள்ள ஆள். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

இருக்கை காலி.

நிஜமாகவே காலி. மெத்தையில் மட்டும் ஒரு பள்ளம். ஜன்னல் கண்ணாடியின் ஈரத்தில் ஒரு தலை சாய்ந்திருந்த வட்டம். அவ்வளவுதான். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "மன்னிச்சிரும்மா" என்று வாய்விட்டே சொன்னார். இருக்கைக்குக் கீழே ஏதோ நீலமாகத் தெரிந்தது. குனிந்து பார்க்க வசதியாக, ஒரு கையைக் கம்பத்தில் ஊன்றி, இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். மெத்தை கதகதப்பாக இருந்தது.

எழப் பார்த்தார்.

ஒரு கால் வரவில்லை.

மரத்துப்போயிருக்கும் என்று தட்டிப் பார்க்கக் கையை எடுத்தார். அந்தப் பக்கத்துக் கையும் வரவில்லை. மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி. வாயின் ஒரு ஓரம் கீழே இழுத்தது. கேட்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தார். எச்சில்தான் வழிந்தது.

முன்னால் யாரோ இருந்தார்கள்.

ஓட்டுநர் இருக்கையில். சட்டையின் காலர் கசங்கி, தலையில் நடுவில் முடி கொட்டி. பின்பக்கம் மட்டும் தெரிந்தது. தன்னுடைய பின்னந்தலையைத் தானே யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்தது.

நல்ல கை ஒன்று பாக்கி இருந்தது. கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. அமுக்கியது.

டிங்.

முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் திரும்பவில்லை. நிதானமாகத் தலையைத் தூக்கினார். கண்ணாடியில் இரண்டு கண்கள் தெரிந்தன. இங்கிருந்து பார்த்தால் தடுப்பு மறைக்கவில்லை. அந்தக் கண்கள் வரிசை வரிசையாக வந்தன. கடைசி இருக்கைக்கு வந்தன. அவர்மேல் நின்றன.

பார்த்தன.

பார்த்துவிட்டு, விலகிக்கொண்டன.

ஓட்டுநர் எழுந்து முன்படியில் போய் நின்றார். "காலி!" என்ற குரல் டிப்போ முழுக்கக் கேட்டது. நல்ல கணீர்க் குரல். தூரத்தில் கேட்காரர் கையைத் தூக்கியது ஜன்னல் ஈரத்தின் வழியாக மங்கலாகத் தெரிந்தது. கதவு மூடிக்கொண்டது. சாவி குலுங்கும் சத்தம் வாசல் பக்கமாக நடந்து போனது.

டிங். டிங்.

"என்னண்ணே, நாளைக்கு விசாரணையில என்ன சொல்லப் போறீங்க?" கேட்காரரின் குரல். சாவியை வாங்கி மாட்டுகிற சத்தம்.

"என்னத்த சொல்றது. நடந்து பாத்தேன், யாரும் இல்லன்னுதான்."

"பாவம், அந்தக்கா."

"பாவந்தான். என்ன பண்றது."

டிங். அவர் அமுக்கினார். டிங். சொல்லாதே. டிங். நான் நடக்கவில்லை. டிங். அவள் சாத்தினாள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அந்தச் சின்ன விளக்கு கொஞ்சம் மங்கியது.

வாசலைத் தாண்டி அந்த ஆள் தெருவுக்குப் போனார். கைகளை வீசி, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் நடையில். மனைவி சோறு போட்டு வைத்திருப்பாள். அவர் என்ன சொன்னாலும் நம்புவாள்.

டிப்போவின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். நாளைக்குக் காலையில் வண்டியைக் கூட்டிப் பெருக்க யாரும் வரப்போவதில்லை. எஞ்சினின் கதகதப்பு இருக்கையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் இன்னும் இரண்டு கண்கள் இருந்தன, ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லாதபோதும்; அவை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

டிங்.